தாங்குவது யார் வேலை?

மேலக்கடம்பூர் சிவன் கோயிலுக்கு நானாக முடிவு செய்து போகவில்லை. அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி, சதைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தோம், முடிவு வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். முதல் மூன்று ராத்திரியும் இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து போனில் அதைப் பற்றியே தேடித் தேடிப் படித்தேன். கட்டி அம்மாவுக்கு, தூக்கம் போனது எனக்கு. கடைசியில் அம்மாவே, "நீ இங்கே இருந்தா என்னையும் தூங்க விடமாட்டே, கடம்பூர் போயிட்டு வாப்பா" என்று விரட்டிவிட்டார்.

சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் காட்டுமன்னார்கோயில், அங்கிருந்து கொஞ்ச தூரம் ஆட்டோ. வழியில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கையில் போன்.

கோயிலைப் பார்த்ததும்தான் போனைப் பைக்குள் போட்டேன். கருவறையையே தேராகக் கட்டியிருக்கிறார்கள். கரக்கோயில் என்று பெயர். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கற்றளி. அடிப்பகுதியில் கல் சக்கரங்கள், இழுக்கிற மாதிரி குதிரைகள். ஒரு சக்கரத்தின் ஆரக்காலில் கை வைத்துப் பார்த்தேன், வெயிலில் சூடேறி இருந்தது. இந்திரன் இந்தக் கோயிலையே தேராக்கித் தன் ஊருக்கு இழுத்துப் போகப் பார்த்தானாம், பிள்ளையார் கால் விரலால் அழுத்த, அசையவே இல்லையாம். தலபுராணக் கதைதான். ஆனால் அங்கே நின்று யோசிக்கும்போது கொஞ்சம் சிரிப்பு வந்தது, நம்மைச் சுமக்கிறவரையே நாம் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறோம், நானும் மூன்று நாளாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

இந்தத் தலத்துக்கு அப்பர் பாடிய வரி எல்லாருக்கும் தெரியும், 'என் கடன் பணி செய்து கிடப்பதே'. ஆபீஸ் சுவரில்கூட எழுதி வைத்திருப்பார்கள், ஏதோ நேரத்துக்கு வேலைக்கு வரச் சொல்லிப் பாடியது போல. ஆனால் அதற்கு முந்தைய வரியை யாரும் எழுதி வைப்பதில்லை.

'தன் கடன் அடியேனையும் தாங்குதல்'.

தாங்குவது சிவனின் கடன். கெஞ்சிக் கேட்டு வாங்குகிற தயவு இல்லை, அவர் செய்தே ஆகவேண்டிய வேலை என்று அப்பர் உரிமையாகச் சொல்கிறார். சூலை நோயில் துடித்து, சுண்ணாம்புக் காளவாயில் அடைபட்டு, கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டு வந்தவர் என்கிறது அவர் வரலாறு, அப்படிப்பட்டவர் சொல்வதால் நம்பலாம் போல இருக்கிறது. அந்த 'அடியேனையும்' என்பதில் ஒட்டியிருக்கிற 'உம்' எனக்கு ரொம்பப் பிடிக்கும். எத்தனையோ பேரைத் தாங்குகிறார், அதில் நானும் ஒருத்தன். அவ்வளவுதான்.

அமிர்தகடேசுவரர் சன்னிதியில் அன்று கூட்டமே இல்லை. குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார். அம்மா பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் வாயில் வரவில்லை. பதினைந்து தைராய்டு கட்டுரை மனப்பாடமாகத் தெரிகிறது, பெற்றவள் நட்சத்திரம் தெரியவில்லை! போன் பண்ணிக் கேட்கலாம் என்று பையைத் துழாவினேன், அவசரத்தில் ஜிப் வேறு மாட்டிக்கொண்டது. குருக்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம், "பரவாயில்லை விடுங்கோ, சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிவிட்டார்.

அர்ச்சனை முடியும்வரை எனக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. கை கூப்பி நின்றேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால், ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. தீபாராதனையில் லிங்கத்தின் மேல் வெளிச்சம் ஏறி இறங்கியதுதான் நினைவிருக்கிறது. பிராகாரத்தில் வந்து உட்கார்ந்தவன் தூணில் சாய்ந்தபடியே தூங்கிப்போனேன், நடை சாத்தும் நேரத்தில் யாரோ தட்டி எழுப்பினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா கூப்பிட்டார். முடிவு வர இன்னும் ஒரு நாள் இருந்தது, அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

"என் பேருக்கு அர்ச்சனை பண்ணினியா?"

"இல்லம்மா, உன் நட்சத்திரம் மறந்துபோச்சு. சுவாமி பேருக்கே பண்ணச் சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதுவும் சரிதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.