பதினொரு மணித் தலைவலி

மூன்று மாதமாகப் பனடோல் அட்டையோடுதான் கந்தோருக்குப் போகிறேன். காலை பதினொரு மணிக்குக் கண் எரியும், தொண்டை வறளும், தலை இடிக்கும். மாலையில் கொள்ளுப்பிட்டியில் ரயில் ஏறிக் கடற்காற்று முகத்தில் அடித்தால், வெள்ளவத்தை வருவதற்குள் எல்லாம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவலியே கிடையாது. வேலைக்கள்ளம் என்று அம்மா தீர்ப்பளித்துவிட்டார்.

நேற்று ஏசி திருத்த வந்த தம்பி வடிகட்டியைக் கழற்றிக் காட்டினான். சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டு போல, ஒரு விரல் தடிப்புக்குத் தூசி. என் மேசைக்கு நேர் மேலே சீலிங்கில் ஈரக் கறை. அதன் ஓரமெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். "அக்கா, இதையா இவ்வளவு நாளும் சுவாசித்தீர்கள்?" என்றான்.

கட்டடத்துக்குள் வந்து, வெளியே போனதும் மறையும் இந்த உபாதைக்குப் பெயரே இருக்கிறதாம்: நோய்க் கட்டட நோய்க்குறி. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, எரிபொருளை மிச்சம் பிடிக்க மேற்கு நாடுகளில் கட்டடங்களை இறுக மூடினார்கள், முறைப்பாடுகளும் பெருகின. வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. ஆட்கள் நிறைந்த, பூட்டிய கூட்ட அறையில், எல்லாரும் விடும் மூச்சால் அது 1000ஐ எளிதில் தாண்டும். (கூட்டங்களில் எனக்கு வரும் தூக்கத்துக்கு இதைவிட நல்ல சாட்டு வேண்டாம்.)

எங்கள் யன்னல்களோ திறக்கவே முடியாதவை. மேலாளரிடம் சொன்னேன். இன்று காலை என் மேசையில் ஒரு மனிபிளாண்ட் செடி வந்து இருக்கிறது.