கேட்காது என்று காகிதம் சொல்ல வேண்டும்

காது கேளாதோருக்கான தடகளத் தேர்வுக்காக இரவெல்லாம் பஸ்ஸில் சென்னைக்குப் போய், ஓடாமலேயே ஊர் திரும்பினோம். என் மகளுக்கு வயது பதினான்கு. 100 மீட்டர் ஓடுகிறாள். பிறவியிலேயே இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மருத்துவச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று எல்லாம் கையில் இருந்தன. அவை போதும் என்று நம்பிப் போனேன்.

பதிவு மேசையில் இருந்தவர், "எந்த ஊர் பாப்பா?" என்று அவளிடம் கேட்டார். பதில் சொன்னாள். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வது அவளுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். உடனே அவர் என்னிடம் திரும்பி, "நன்றாகத்தானே கேட்கிறது, அம்மா?" என்றார். பிறகு, காது கேட்கும் அளவைச் சோதித்துக் குறித்த தாளான ஆடியோகிராமை விரித்து, "35 டெசிபல்தான் இருக்கிறது. 55 வேண்டும்" என்று தாளைத் திருப்பி நீட்டினார். அந்த வார்த்தைகளையும் அவள் அவருடைய உதட்டில் படித்துவிட்டாள். கோயம்பேடு வரும்வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அடையாள அட்டை வாங்கியதில் எங்களுக்குச் சிக்கல் இல்லை. முகாமுக்குப் போனோம், வந்துவிட்டது. ஆனால் அட்டையில் இருப்பது சதவீதம். விளையாட்டில் கேட்பது டெசிபல், அதாவது எவ்வளவு சத்தம் வரை கேட்கவில்லை என்ற அளவு. காது கேளாதோருக்கான உலகப் போட்டியான டெஃப்லிம்பிக்ஸ் விதிப்படி, நன்றாகக் கேட்கும் காதிலேயே குறைந்தது 55 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். அதுவும் கருவி எதுவும் இல்லாத வெறும் காதில். எங்கள் தாளில் இருந்த 35, காதொலிக் கருவியைப் போட்டுக்கொண்டு எடுத்த அளவு. புதிதாக ஆடியோகிராம் வேண்டும் என்றுதான் கேட்டிருந்தேன். அந்த மையத்தில், கருவி சரியாக வேலை செய்கிறதா என்று வருடந்தோறும் பார்க்கும் சோதனையையே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். எதற்காக என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. வெறும் காதில் எடுத்த படத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டமும் இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறியும் இருக்கும். எங்கள் தாளில் வரிசையாக 'ஏ' என்ற ஆங்கில எழுத்து இருந்தது. அது கருவியுடன் எடுத்ததற்கான குறி. பஸ் ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம் அந்தத் தாளைப் பார்த்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை.

மறுபடி அதே மையத்துக்குப் போனால், காதைச் சோதிக்கும் ஆடியோலஜிஸ்ட் விடுப்பு. எப்போது வருவார் என்று சொல்ல ஆள் இல்லை. வேறு இடம் தேடினேன். இந்த முறை கதவுக்கு வெளியே உட்காரவில்லை. கருவிகளைக் கழற்றி என் கையில் வாங்கிக்கொண்டேன். ஹெட்ஃபோன் மாட்டிச் சோதனை முடிந்ததும் அங்கேயே கணக்குப் போட்டேன். நன்றாகக் கேட்கும் காதில் 500 ஹெர்ட்ஸ் சுருதியில் 50 டெசிபல், 1000-இல் 55, 2000-இல் 65. கூட்டி மூன்றால் வகுத்தால் 56.7. அந்த எண்ணைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. மகளுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்து ஒரு தாய் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அரசுச் சான்றுக்கான கணக்கில் 4000 ஹெர்ட்ஸையும் சேர்த்து நான்கால் வகுப்பார்கள். மகளுக்கு அதில் 80; அந்தக் கணக்கில் சராசரி 62.5. டெஃப்லிம்பிக்ஸ் கணக்கில் முதல் மூன்றுதான். உயர்ந்த சுருதி மட்டும் கேட்காத பிள்ளைகளுக்கு, அட்டை கிடைத்தும் இங்கே தகுதி தவறிப்போக வாய்ப்பு உண்டு. அதனால் முதலில் மூன்றின் சராசரியைப் போட்டுப் பாருங்கள். தாளில் தேதி, கையெழுத்து, முத்திரை, ஆடியோலஜிஸ்டின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் நான்கும் இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபாருங்கள். எங்களுக்குப் பதிவு எண் விட்டுப்போய், பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போனேன்.

நடுவில் மகள், "எனக்கு ஓட்டமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில் பாட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கிய செய்தியைக் காட்டினேன். பேசாமல் வாங்கிப் படித்தாள். மறுநாள் காலை ஐந்தரைக்கு ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

பயிற்சிக்கு டார்ச்தான் எங்கள் துப்பாக்கி. பெரிய போட்டிகளில் ஓடுபவரின் கண்ணெதிரே தரையில் விளக்கு வைத்திருப்பார்கள். அது நிறம் மாறியதும் பாய வேண்டும். எங்களுக்கு அந்த வசதி ஏது? மாடியில் அவள் குனிந்து நிற்க, நான் தரையோடு டார்ச்சைப் பிடித்து அழுத்துவேன். பள்ளி விளையாட்டு விழாவில் பக்கத்துப் பெண்ணின் கால் அசைந்த பிறகே கிளம்பிப் பழகியவள் அவள். அந்தப் பழக்கத்தை விடவே ஒரு மாதம் ஆனது.

அடுத்த தேர்வில் தாளை ஒரே பார்வையில் ஏற்றுக்கொண்டார்கள். போட்டியில் கருவி போடக் கூடாது என்பதால் இரண்டையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். கொடி அசைத்துத் தொடங்குவதாகச் சொன்னார்கள். எட்டாவது பாதையில் இருந்து கொடி தெரியாது என்று நான் போய்ச் சொன்னதும், கொடிக்காரர் பத்தடி முன்னே வந்து நின்றார். கொடி இறங்கியது. மகள் யாருடைய காலையும் பார்க்கவில்லை. மூன்றாவதாக வந்தாள்.