குருசுமலையில் கேட்ட சக்கேயு கதை

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வீட்டில் கால் தரிக்காது. மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி, அருமனை தாண்டி, பத்துகாணியில் இறங்கி நடந்தால் குருசுமலை. ஒரு பக்கம் குமரி மாவட்டம், மறுபக்கம் கேரளத்து வெள்ளறடை. 1957-ல் ஜான் பாப்டிஸ்ட் என்ற பெல்ஜியம் நாட்டுக் கார்மேல் சபைக் குருவானவர் தொடங்கிய திருப்பயணம் இது. 1956 நவம்பர் 1-ல்தான் எங்கள் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைக்கோடு விழுந்த மறுவருஷமே அந்தக் கோட்டின்மேல் சிலுவை நின்றது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இந்த வருஷம் நான் ஏறியது 11 வருஷப் பாரத்தோடு. அப்பா இறந்து சொத்தைப் பாகம் வைத்தபோது, "உனக்குத்தான் கல்யாணத்துக்கு எல்லாம் தந்தாச்சே" என்று சொல்லி, தங்கச்சிக்குச் சேர வேண்டிய 20 சென்ட் ரப்பர் விளையை என் பெயருக்கு எழுதி வாங்கினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, மேஜை ஓரத்தில் மெதுவாக வைத்தாள். அந்தப் பேனா சத்தம் இன்றும் காதில் கேட்கிறது.

அதற்கப்புறம் ஒவ்வொரு தவக்காலத்திலும், குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்வேன். வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பேன். செருப்பில்லாமல் மலை ஏறுவேன். மனசு ஆறாது. தங்கச்சி வீடு இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

மலைப்பாதையில், இயேசு சிலுவை சுமந்துபோன வழியை நினைவுகூரும் சிலுவைப்பாதையின் 14 நிலைகள். 3, 7, 9 ஆகிய மூன்று நிலைகளில் இயேசு விழுகிறார். சிறுவயது முதல் அந்த மூன்றிலும்தான் நான் அதிகம் அழுவேன். என்னால்தானே விழுந்தார் என்று. இந்த முறை 9-ம் நிலையில் முழங்காலிட்டிருந்தபோது பக்கத்தில் ஒரு வயதான அம்மா முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டே எழுந்து, அடுத்த நிலைக்கு நடந்தார். அப்போதுதான் உறைத்தது. 'இயேசு எழுகிறார்' என்று ஒரு நிலை கிடையாது. ஆனால் எழாமல் 10-ம் நிலைக்கு வந்திருக்க முடியுமா? நான் இத்தனை வருஷமும் விழுந்த நிலையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

மேலே மரத்தடியில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய்த்தவர் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற ஒரு அச்சன், அதாவது குருவானவர். எல்லாம் கேட்டுவிட்டு, "ஆண்டவரிடம் 11 தடவை வந்திருக்கிறீர்கள். தங்கச்சியிடம் எத்தனை தடவை போனீர்கள்?" என்றார்.

"வெட்கமாக இருக்கிறது அச்சா."

"ஊரை ஏமாற்றி வரி வாங்கிய சக்கேயு, இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறினானே, அவனிடம் இயேசு கணக்குக் கேட்டாரா? மரத்திலிருந்து இறங்கி வா, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்றுதானே சொன்னார்? நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்று சக்கேயு சொன்னது அதற்குப் பிறகு. நீங்கள் தண்டனை கேட்டு வருகிறீர்கள். அவர் உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்கிறார்."

இறங்கும் வழியெல்லாம் ரப்பர் மரங்கள். நானும் பால் வெட்டுகிறவன்தான். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். அளவாக வெட்டினால் பால் சிரட்டையில் சொட்டும், வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வளரும். உள்ளே தடியில் பட்டால் அந்த இடம் முண்டு முண்டாகிவிடும். அப்புறம் அங்கே ஒழுங்காக வெட்டவே முடியாது. செய்த பாவத்துக்காக மனஸ்தாபம் வேண்டும், அது இல்லாமல் யாரும் திரும்ப மாட்டார்கள். ஆனால் நான் ஒரே இடத்தில் 11 வருஷம் கத்தியை இறக்கியிருக்கிறேன். அதைப் பக்தி என்று நம்பியும் இருக்கிறேன்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனம் வருந்தினான், அதற்கு வாங்கிய 30 வெள்ளிக்காசைத் திருப்பியும் கொடுத்தான். அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் அழுதார். யூதாசு தனியாகப் போய்விட்டான். பேதுருவோ, கரையில் நிற்பது உயிர்த்தெழுந்த ஆண்டவர் என்று கேட்டதும் தண்ணீரில் குதித்து அவரிடம் வந்தார். அங்கே கரிநெருப்பில் மீன் வெந்துகொண்டிருந்தது. பேதுரு மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் பக்கத்தில்தான். அதே நெருப்பைப் போட்டுக் கூப்பிட்டவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "சாப்பிட வாருங்கள்" என்றுதான் சொன்னார். கிருபை என்றால் இதுதான் என்று நான் முழுசாக நம்புகிறேன்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகவில்லை. தங்கச்சி வீட்டு வாசலில் போய் நின்றேன். என் வெறுங்காலையும் புழுதியையும் பார்த்தாள். "குருசுமலைக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். அடுப்பில் கஞ்சி கொதிக்கிற மணம்.

"அந்த 20 சென்ட்டை உன் பெயருக்கே எழுதித் தரணும். அதைச் சொல்லத்தான்…" என்று ஆரம்பித்தேன். குரல் உடைந்துவிட்டது.

அவள் உள்ளே திரும்பி ஒரு தட்டை எடுத்தாள்.

"முதல்ல கை கழுவிட்டு வா அண்ணா."