காய்ச்சல் வராதவளிடம் கேட்ட கேள்விகள்

எதிர்வீட்டு அக்காவுக்குப் போன டிசம்பரில் எட்டு நாள் காய்ச்சல். முதலில் டைபாய்டு என்று ஊசி போட்டுப் பார்த்தார்கள், இறங்கவில்லை. பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்குக் கொண்டுபோன பிறகு, பாவாடை நாடா இறுகும் இடத்தில் பீடியால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்றை ஒரு நர்ஸ் பார்த்திருக்கிறார். வலியோ அரிப்போ இல்லாததால் அக்காவுக்கே அது தெரியாது. ஸ்க்ரப் டைபஸ் என்றார்கள், பூச்சி கடித்து வரும் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் மருந்து ஆரம்பித்த இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து களி கேட்டாராம்.

அக்கா வீடு திரும்பிய அடுத்த வாரம், இந்தக் காய்ச்சல் பற்றிய ஆய்வுக்காக ஒரு பெண் டேப்லெட்டோடு வந்தார். அக்கா வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். என் தையல் மெஷின் முன்னால் வந்து நின்றார்.

"உங்களுக்குக் காய்ச்சல் வரலைதானே அக்கா? அதனாலதான் நீங்க வேணும்."

நோய் வந்தவரையும், அதே ஊரில் அதே வயதை ஒட்டிய வராதவரையும் ஒரே கேள்விகள் கேட்பார்களாம். விறகையே எடுத்துக்கொள்ளுங்கள்: எங்கள் பக்கம் அதைப் பொறுக்காத பெண் யார்? நோயாளிகளை மட்டும் கேட்டால் எல்லோரும் பொறுக்கியதாகத்தான் வரும். வராதவர்களோடு ஒப்பிட்டால்தான் விறகுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டா என்று தெரியும். இது எனக்குச் சட்டென்று பிடித்துப்போனது.

ஒப்புதல் படிவம் தமிழில்தான் இருந்தது, நான்கு பக்கம். 5 மில்லி ரத்தம் எடுப்பார்கள், நடுவில் விலகலாம், விலகினால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது. "ரத்தம் எடுத்து எங்க கொண்டுபோவாங்களோ, கையெழுத்துப் போடாதே" என்றார் வீட்டுக்காரர். ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு மறுநாள் போட்டேன். அந்தப் பெண் அவசரப்படுத்தியிருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

கேள்விகள் முக்கால் மணி நேரம் ஓடின. புல்லில் உட்கார்ந்தீர்களா, எலி உண்டா, வயல் வேலை முடிந்து துணி மாற்றினீர்களா, ஒதுங்க எங்கே போவீர்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். மாட்டைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்று நானே கேட்டேன். ஊரில் இதை உண்ணிக் காய்ச்சல் என்பதால் எல்லோரும் மாட்டு உண்ணியைத்தான் சந்தேகிக்கிறோம். இது வேறாம். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. அது எலி மேலும் ஒட்டுமாம்.

சமையல் விறகிலா கேஸிலா என்றார். கேஸ் என்றேன், டிக் செய்துகொண்டார். குளிக்க வெந்நீர் விறகில்தான், அந்தக் கட்டு தாழ்வாரத்திலேயே கிடக்கிறது என்று நானாகச் சொன்ன பிறகுதான் ஓரத்தில் எழுதிக்கொண்டார். இப்படி எத்தனை வீட்டில் விட்டுப்போனதோ.

உண்மையான சிக்கல் வேறு. அக்காவுக்குக் காய்ச்சல் தொடங்கியதற்கு முந்தைய 14 நாளில் நான் எங்கெல்லாம் போனேன் என்று கேட்டார். கார்த்திகை தீபத்தைத் தவிர எதுவும் நினைவில் இல்லை. அக்காவோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஒவ்வொரு நாளாக எண்ணியிருக்கிறார்: ராகி அறுப்பு, ஏரிக்கரை, ஆட்டுக்குத் தழை. அவர் பத்து இடம் சொல்வார், நான் மூன்று சொல்வேன். நான் போகவில்லை என்று ஆகிவிடுமா? கேட்டேன். "இது எல்லா ஆய்விலும் வர்ற தொல்லைதான் அக்கா" என்று சிரித்தார். சந்தை, சம்பள நாள் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, இன்னும் நான்கு இடங்களை என் வாயிலிருந்து வரவழைத்தார்.

மூன்று வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு சொல்லி போன். இப்போது நோய் இல்லை, புதிதாக வந்ததைக் காட்டும் ஐஜிஎம் நெகட்டிவ். ஆனால் பழையதைக் காட்டும் ஐஜிஜி பாசிட்டிவ்: முன்பு எப்போதோ வந்து போயிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் பாராசிட்டமால் போட்டுக்கொண்டே தைத்த அந்த ஒரு வாரமாக இருக்கலாம்.

எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். "அப்ப எனக்கு மட்டும் ஏண்டி ஆஸ்பத்திரி?" என்றார். அது கேள்வித்தாளில் இல்லை. விறகுக்கட்டை அன்று சாயந்திரமே தாழ்வாரத்திலிருந்து வெளியே தள்ளினோம், அடியில் எலி வளை இருந்தது.