சின்னத்தில் மூன்று, கடையில் ஒன்றுகூட இல்லை

கறுப்புப் பேரிக்காயைத் தேடி இங்கிலாந்தின் வூஸ்டர் நகருக்குப் போய், நேற்றிரவுதான் லண்டன் திரும்பினேன். டாக்சிக்காரர் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நான்கு மைலுக்கு 26 பவுண்டு! மீட்டர் போடாமல், இறங்கும்போதுதான் தொகையைச் சொன்னார். அதே வழியில் பஸ் ஓடுகிறது, டிக்கெட் வெறும் 3 பவுண்டு என்று பிறகு தெரிந்தபோது வயிறு எரிந்தது. போகிறவர்கள் பஸ் நேரத்தை முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புப் பேரிக்காய் என்பது அந்த ஊரின் பெயரோடு சேர்ந்த பழைய பேரிக்காய் வகை. வூஸ்டர் நகரச் சின்னத்தில் அது மூன்று இருக்கிறது. 2017இல் அஸ்வின் ஆடிய வூஸ்டர்ஷயர் கிரிக்கெட் அணியின் சின்னத்திலும் அதே மூன்று காய்கள்தான். 1575இல் முதலாம் எலிசபெத் அரசி இங்கு வந்தபோது, காய்த்துத் தொங்கிய மரத்தைக் கண்டு மகிழ்ந்து, சின்னத்தில் சேர்க்கச் சொன்னார் என்பது ஊரில் வழங்கும் கதை. இவ்வளவு பெருமை பேசும் ஊரில் அரைநாள் கடை கடையாக ஏறி இறங்கியும் ஒரு காய்கூட கிடைக்கவில்லை. எங்கும் வழக்கமாக விற்கும் கான்ஃபரன்ஸ் என்ற வகைப் பேரிக்காய்தான். இது பெரிய அநியாயம்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய தோட்டத்தில்தான் கண்டேன். தோட்டக்காரப் பெரியவர் இரண்டு காய்களைக் கையில் வைத்தார். நல்ல கனம். கரும்பழுப்புத் தோல், தொட்டால் சொரசொரக்கிறது. ஒரு கீற்று வெட்டிக் கடித்தேன்: துவர்ப்பு, அதோடு பல்லில் மணல் நெரிபடுவதுபோல ஒரு நறநறப்பு. பேரிக்காய்ச் சதையில் இருக்கும் கல் செல்கள், அதாவது தடித்த சுவருள்ள கெட்டியான செல்கள், இதில் அதிகம். இது பச்சையாகத் தின்னும் பழமல்ல. அக்டோபர் கடைசியில் பறித்துக் குளிர்ந்த அறையில் அடுக்கினால் வசந்தம்வரை கெடாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் பனிக்காலம் முழுவதும் சமையலுக்குக் கைகொடுத்திருக்கிறது.

வெட்டிய காயை விடுதி நடத்தும் அம்மையார் அன்று மாலையே சிவப்பு ஒயின், சர்க்கரை, பட்டை சேர்த்துச் சிறுதீயில் மூன்று மணிநேரம் வேகவைத்துத் தந்தார். மற்ற பேரிக்காய் என்றால் கூழாகியிருக்கும். இது கரையவே இல்லை; உள்ளே வரை சிவந்து, கரண்டி இறங்கும் பதத்தில் இருந்தது. துவர்ப்பு போன இடத்தில் ஆழமான இனிப்பு. பாகைக்கூட விடாமல் வழித்துச் சாப்பிட்டேன். இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த சாப்பாடு இதுதான். அதற்கு அவர் காசே வாங்கவில்லை.

இன்னொரு காயைத் தாளில் சுற்றிச் சூடு படாத அலமாரியில் வைத்திருக்கிறேன். ஜனவரியில்தான் எடுப்பேன்.