தாலமியின் வரைபடம் ஏன் கிழக்கு மேற்காக நீண்டது?

கி.பி. 150 வாக்கில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வானியல், புவியியல் அறிஞர் தாலமி சுமார் 8,000 இடங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தொகுத்தார். பெரிய காரியம் அது: படம் சிதைந்தாலும் எண்களை வைத்து மீண்டும் வரையலாம்.

அட்சரேகைக்கு, செங்குத்தாக நட்ட குச்சியின் நண்பகல் நிழல் போதும். தீர்க்கரேகைதான் பாடாய்ப் படுத்தியது. ஒரே சந்திர கிரகணத்தை இரண்டு ஊர்களில் பார்த்து, உள்ளூர் மணி வித்தியாசத்தை 15ஆல் பெருக்க வேண்டும்; பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறதே. கி.மு. 331 கிரகணத்துக்கு அர்பேலா (இன்றைய ஈராக்கில்), கார்த்தேஜ் (இன்றைய துனீசியாவில்) இடையே 3 மணி என்ற குறிப்பு கிடைத்தது. அதாவது 45 பாகை. உண்மையில் சுமார் 34தான்.

மற்ற ஊர்களுக்குப் பயணத் தூரமே கதி. அதைப் பாகையாக்க, ஒரு பாகைக்கு 700 ஸ்டேடியா (பழைய கிரேக்க நீள அளவு) என்ற முந்தைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிசின் கணக்கை விட்டுவிட்டு 500ஆல் வகுத்தார். சுமார் 42 பாகை நீளமுள்ள மத்தியதரைக் கடல் 62 ஆகிவிட்டது. இலங்கையோ, தப்ரபேன் என்ற பெயரில், பல மடங்கு பெருத்து நிலநடுக்கோட்டையும் தாண்டிக் கிடக்கிறது.