ஹப்புத்தளை மலையில் ஒரு பாவசங்கீர்த்தனம்

ஹட்டனில் கோச்சி ஏறும்போது தூறிக்கொண்டிருந்தது. தவக்காலத்து சனிக்கிழமை. ஒவ்வொரு வருஷமும் எங்கள் தோட்டத்துக் கோயிலிலேயே பாவசங்கீர்த்தனம் செய்துவிடுவேன், அதாவது குருவிடம் என் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பேன். அந்த வருஷம் மட்டும், என்னைத் தெரியாத ஒரு குருவிடம் போக வேண்டும் என்று மனசு அடம் பிடித்தது.

தலவாக்கலை, நானுஓயா தாண்டி, பட்டிப்பொல வந்தது. இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் அதுதான். அதைத் தாண்டினால் ஒரு சுரங்கம். இந்தப் பக்கம் பனிமூட்டம், சுரங்கம் முடிந்த அந்தப் பக்கம் ஊவாவின் வெயில். எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான். அன்று அந்த இருட்டுக்குள் போகும்போது வயிறு கலங்கியது.

அப்பா காலமானபோது வந்த ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசில் தங்கச்சியின் பங்கு ஒரு லட்சத்து ஐம்பதாயிரம். அம்மாவின் மருந்துக்கே எல்லாம் செலவாகிவிட்டது என்று அவளிடம் சொன்னேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. பதினோரு வருஷம் ஓடிவிட்டது. இத்தனை தவக்காலத்திலும் "பொய் சொன்னேன் பாதர்" என்று சொல்லியிருக்கிறேன். எந்தப் பொய், யாரிடம் என்று ஒரு தடவையும் சொன்னதில்லை. பாவத்துக்காக வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைக் கண்ணீரோடுதான் சொல்வேன். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் அது என்னை ஓரடிகூட நகர்த்தவில்லை.

ஹப்புத்தளை டவுனிலிருந்து அடிஷாம் மடத்துக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும். நடந்தே போனேன். வழியில் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலை ஒன்று. செடியெல்லாம் வெறும் குச்சியாக நிற்க, தண்டில் படிந்த பாசியை ஆட்கள் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பச்சையாக அடர்ந்திருக்கும்போது அந்தப் பாசி யார் கண்ணிலும் படாது.

அடிஷாம், தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரத் துரை 1931இல் கட்டிய கருங்கல் மாளிகை. 1960களில் பெனடிக்ட் சபையின் சில்வெஸ்டர் பிரிவுத் துறவிகள் கைக்கு வந்து, இப்போது புனித பெனடிக்ட் மடம். துரை வீட்டின் அழகைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. சிற்றாலயத்தில் இருக்கும் புனித சில்வெஸ்டரின் திருப்பண்டத்தின், அதாவது அவர் உடலின் எலும்புத் துண்டின், முன்னால் முழங்காலிட்டவர்கள் மூன்று பேர்தான்.

இந்தச் சில்வெஸ்டர் அதே பெயருள்ள பாப்பரசர் அல்ல. இத்தாலியின் ஒசிமோ ஊர்க் குரு. திறந்து கிடந்த ஒரு கல்லறைக்குள், ஒரு காலத்தில் அழகனாக இருந்த உறவினன் ஒருவனின் அழுகிய உடலைப் பார்த்து, "இவன் இருந்தபடி நான் இருக்கிறேன், இவன் இருக்கிறபடி நான் ஆவேன்" என்று உணர்ந்து எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டார் என்பது மரபு. 1231இல் மடம் தொடங்கினார். அவர் சபைத் துறவிகள் 1845இல் இலங்கைக்கு வந்த நாட்களில், என் முன்னோர் கோப்பித் தோட்டத்துக்குக் கால்நடையாக வந்துகொண்டிருந்தார்கள். பெனடிக்ட் துறவிகள் கொடுக்கும் வாக்குகளில் ஒன்று, சாகும்வரை வாழ்க்கையை மாற்றிக்கொண்டே இருப்பேன் என்பது. துறவிக்கே அது முடிவில்லாத வேலை என்றால், வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு வந்தேனே நான்!

ஒரு வயதான துறவியிடம் கேட்டேன். சம்மதித்தார். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். தொகையோடு.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்தக் காசு இப்ப இருக்குதா?"

"பேங்க் புத்தகத்துல இருக்கு, பாதர்."

"தங்கச்சி எங்க இருக்கிறாங்க?"

"பண்டாரவளையில."

"கோச்சி எத்தனை மணிக்கு?"

பாவமன்னிப்பைப் பெற்றுக்கொண்டு எழுந்தபோது கால் நடுங்கியது. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை என்று சின்ன வயதில் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த ஐந்து காரியங்கள் ஞாபகம் வந்தன. கடைசி, அபராதம் தீர்ப்பது. குரு சொல்லச் சொல்லும் மூன்று அருள் நிறை மந்திரத்தோடு அது தீர்ந்துவிடும் என்றே நினைத்திருந்தேன். நற்செய்தியில் வரும் வரிவசூலிப்பவன் சக்கேயு அப்படி நினைக்கவில்லை. ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னான். பழைய ஏற்பாட்டில் மனந்திரும்புதலுக்குள்ள எபிரேயச் சொல்லே 'திரும்பி வா' என்பதுதான். வழி மாறிப் போனவன் நின்ற இடத்திலேயே அழுதுகொண்டிருந்தால் ஊர் வந்து சேர மாட்டான்.

துறவிகள் செய்யும் ஸ்ட்ரோபெரி ஜாம் ஒரு போத்தல் வாங்கினேன். ஸ்டேசன் வாங்கில் உட்கார்ந்து, அதைச் சுற்றித் தந்த தாளில் கணக்குப் போட்டேன். பழைய ஏற்பாட்டின் லேவியர் ஆகமம் எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரச் சொல்கிறது. ஒரு லட்சத்து எண்பதாயிரம். நாலு மடங்குக்கு வழியில்லை.

பண்டாரவளையில் தங்கச்சி வீட்டு இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "என்ன அண்ணே, சொல்லாமக் கொள்ளாம?" என்றாள். உட்காராமலே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

"அம்மாவுக்கு மருந்துக்குன்னு சொன்னீங்களே."

"அது பொய்."

அவள் உள்ளே போனாள். வெகு நேரம் கழித்துத் தேத்தண்ணியோடு வந்தாள். முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. காசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்படின்னா அம்மாவுக்குக் கடைசியில என்ன மருந்துதான் குடுத்தாங்க? அதையாவது உண்மையாச் சொல்லுங்க, அண்ணே."

பதினோரு வருஷமாக அவளிடம் அதையும் சொல்லாமல் இருந்திருக்கிறேன். கீழே உட்கார்ந்து, அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன காலையிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.